புவெப்லோ மண்பாண்டங்களும் அவற்றைச் செய்பவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புவெப்லோ என்றால் ஒரே இனமா?

இல்லை. மண்ணாலும் கல்லாலும் மாடி மாடியாக வீடு கட்டி, சோளம் பயிரிட்டு, ஊராக வாழ்ந்த பல மக்களை ஸ்பானியர்கள் வந்து ஒரே பெயரில் அழைத்தார்கள், அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 19 புவெப்லோக்கள் இருக்கின்றன, பக்கத்து அரிசோனாவில் ஹோப்பி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. பேசும் மொழியே ஒன்று கிடையாது. டேவா, டீவா, டோவா மூன்றும் ஒரு குடும்பம், கெரெஸ் தனி, ஸூனி தனி, ஹோப்பி இன்னொரு குடும்பம். அதனால் பொத்தாம் பொதுவாக "புவெப்லோ பானை" என்பதைவிட அக்கோமா பானை, சாண்டா கிளாரா பானை என்று ஊர்ப் பெயரோடு சொல்வதுதான் சரி. மண், நிறம், கோலம், செய்நேர்த்தி எல்லாமே ஊருக்கு ஊர் மாறும். அந்தப் பகுதியில் மண்பாண்டம் செய்யும் வழக்கத்துக்குச் சுமார் 2000 வயது.

சக்கரமே இல்லாமல் இவ்வளவு சீரான உருண்டை எப்படி வருகிறது?

பழைய முறையில் சக்கரம் கிடையாது, எல்லாம் கைதான். பூக்கி என்று ஓர் ஆழமில்லாத தட்டு வைத்திருப்பார்கள், அதில் அடிப்பகுதியைத் தட்டி உட்கார வைத்துவிட்டு, களிமண்ணை விரல் பருமனில் நீளமாக உருட்டி, கைமுறுக்கு சுற்றுவது போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு சுற்றையும் கீழ்ச் சுற்றோடு கிள்ளி ஒட்ட வேண்டும். அப்புறம் காய்ந்த சுரைக்குடுக்கையிலிருந்து வெட்டியெடுத்த வளைவான துண்டால் உள்ளிருந்து வழித்து வெளியே தள்ளும்போதுதான் பானைக்கு வயிறு வருகிறது. ஒரேயடியாக ஏற்றினால் சரிந்துவிடும், அதனால் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறுகவிட்டு, மறுபடி ஏற்றுவார்கள். பெரிய ஜாடி என்றால் நாள்கணக்கில் ஆகும்.

ஆனால் வேலை அங்கே தொடங்குவதில்லை. மண் எடுக்கப் போவதிலேயே தொடங்குகிறது. எந்த இடத்தில் எடுப்பது என்பது குடும்பத்துக்குள் இருக்கும் விஷயம், வெளியாருக்குச் சொல்ல மாட்டார்கள். மண்ணைத் தாயாக நினைக்கிறார்கள், எடுக்குமுன் சோளமாவு வைத்து வேண்டிக்கொள்வார்கள், தேவைக்கு மேல் எடுக்க மாட்டார்கள். கொண்டுவந்த மண்ணை ஊறவைத்து, சல்லடையில் சலித்து, கல் பொறுக்கி, கலவைப் பொடி சேர்த்துக் காலால் மிதிக்க வேண்டும். கடையில் பாக்கெட் களிமண் வாங்கிச் செய்கிறவருக்கு இந்தப் பாதி வேலையே கிடையாது, அதனால்தான் மண் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை இவர்கள் இவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கலவைப் பொடி எதற்கு?

வெறும் களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கி வெடிக்கும். அதைத் தடுக்கத்தான். சான் இல்டெஃபொன்சோ, சாண்டா கிளாரா பக்கம் எரிமலைச் சாம்பல் கலந்த வெள்ளை மணலைச் சேர்ப்பார்கள். அக்கோமாவிலும் ஸூனியிலும் பழைய பானை ஓடுகளை இடித்துப் பொடியாக்கிச் சேர்ப்பார்கள். இதை யோசித்துப் பாருங்கள்: பாட்டி காலத்தில் உடைந்த பானை பேத்தி செய்யும் பானைக்குள் இருக்கிறது, அந்தப் பாட்டியின் பானைக்குள் அவருக்கு முந்தையவர்களுடையது இருந்திருக்கும். எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

தாவோஸ், பிக்குரிஸ் ஊர்களின் மண்ணில் காக்காப்பொன் இயற்கையாகவே கலந்திருக்கும். அதற்குத் தனியாக எதுவும் சேர்க்கத் தேவையில்லை, சுட்டபின் பானை முழுக்க மினுமினுக்கும்.

பளபளக்கும் கறுப்புப் பானைகளுக்கு அந்தக் கறுப்பு எப்படி வருகிறது? கறுப்புச் சாயமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சாயம் இல்லை. சுடுவதற்கு முன்னால் அந்தப் பானை செம்மண் நிறத்தில்தான் இருக்கும்.

முதலில் இரும்புச் சத்துள்ள சிவப்புக் களிமண்ணைக் கரைத்துத் துணியால் பூசுவார்கள். அந்த ஈரம் போவதற்குள் கூழாங்கல்லால் தேய்க்க ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்தால் நடுவில் எழுந்து போக முடியாது. கல் போன தடம் தெரியாதபடி, ஒரே திசையில், அழுத்தம் மாறாமல் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் காய்ந்துவிட்டால் பூச்சை உரித்தெடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கண்ணாடி மாதிரித் தெரிகிற அந்தப் பளபளப்பு முழுக்க முழுக்கக் கல் தேய்த்தது, மேலே எந்த வார்னிஷும் கிடையாது. தேய்க்கிற கல்லைத் தாயிடமிருந்து மகள் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்த கல் கையில் தானாகப் பொருந்தும், தொலைந்தால் குடும்பமே தேடும்.

அடுத்து சுடுவது. சூளை கிடையாது. காற்றில்லாத காலைப் பொழுதில், திறந்தவெளியில், தரையில் விறகு அடுக்கி, அதற்குமேல் ஓர் இரும்புத் தட்டியில் பானைகளைக் கவிழ்த்து வைத்து, நெருப்பு நேராகப் படாமலிருக்கத் தகரத் தகடுகளால் சுற்றி மறைத்து, அதைச் சுற்றிக் காய்ந்த மாட்டுச் சாணத்தை அடுக்கிக் கொளுத்துவார்கள். எரிந்து சரியான சூட்டுக்கு வரும்போது, பொடியாக்கிய குதிரைச் சாணத்தைக் கொட்டி மொத்தத்தையும் மூடிவிடுவார்கள். உள்ளே காற்று போகாது, அடர்ந்த புகை சூழும். பூச்சில் இருக்கும் இரும்பு ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து கறுப்பாகும், புகைக்கரியும் உள்ளே இறங்கும். மூடாமல் எரியவிட்டால் அதே பானை சிவப்பாகவே வெளியே வரும். ஆக, ஒரே மண், ஒரே பூச்சு, கடைசிச் சில நிமிடங்களில் எடுக்கும் முடிவுதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது.

சுடும்போது நெருப்புக்குள்ளிருந்து "டப்" என்று ஒரு சத்தம் கேட்டால் ஒரு பானை போயிற்று என்று அர்த்தம். ஈரம் கொஞ்சம் மிச்சமிருந்திருக்கும், இல்லையென்றால் சிறு கல் உள்ளே தங்கியிருக்கும், இல்லையென்றால் காற்று திடீரென்று திரும்பியிருக்கும். வாரக்கணக்கான உழைப்பு அந்த ஒரு சத்தத்தில் முடிந்துவிடும். அனுபவம் எவ்வளவு இருந்தாலும் இதிலிருந்து யாருக்கும் விலக்கு கிடையாது.

மரியா மார்ட்டினெஸ்தான் கறுப்புப் பானையைக் கண்டுபிடித்தவரா?

கறுப்புப் பானையை அல்ல. கறுப்பின்மேல் கறுப்பு என்கிற முறையை, அதுவும் அவர் மட்டும் அல்ல, கணவர் ஜூலியனோடு சேர்ந்து. மெருகேற்றிய கறுப்புப் பானை சாண்டா கிளாராவில் நெடுங்காலமாகவே இருந்தது.

மரியா (1887–1980) சான் இல்டெஃபொன்சோ ஊர்க்காரர். சிறு வயதிலேயே சித்தியிடம் பானை செய்யக் கற்றவர். 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்கு, கல்யாணமான கையோடு, கணவன் மனைவி இருவரும் போய் அங்கே மக்கள் முன்னால் பானை செய்து காட்டினார்கள். சில ஆண்டுகள் கழித்து எட்கர் லீ ஹெவெட் என்ற தொல்லியலாளர் அருகிலிருந்த பீடபூமியில் அகழாய்வு நடத்தினார். ஜூலியன் அங்கே கூலி வேலைக்குப் போனவர். கிடைத்த பழைய ஓடுகளைப் பார்த்து அதேபோலச் செய்ய முடியுமா என்று ஹெவெட் கேட்க, மரியா செய்துகாட்டினார், அப்படித்தான் தேடல் தொடங்கியது. 1919 வாக்கில், மெருகேற்றி முடித்த பானையின்மேல் ஜூலியன் களிமண் கரைசலால் வரைந்து, பிறகு புகை மூட்டிச் சுட்டபோது, வரைந்த இடம் மட்டும் மங்கலாகவும் மற்ற இடம் பளபளப்பாகவும் வந்தது. நீர்ப்பாம்பான அவன்யு, சுற்றிலும் இறகு வரிசை என்று அவர் வரைந்த கோலங்கள் இன்று அந்த ஊரின் அடையாளமாகிவிட்டன.

பானை செய்வது மரியா, வரைவது ஜூலியன் என்ற இந்தக் கூட்டை மறக்கவே கூடாது. ஜூலியன் 1943-ல் இறந்தபின் மருமகள் சாந்தானா வரைந்தார், அதன்பின் மகன் போபோவி டா. அடியில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்தே எந்தக் காலத்துப் பானை என்று ஓரளவு சொல்லிவிடலாம். இன்னொன்று: கற்றதை மரியா தனக்கென்று மூடி வைத்துக்கொள்ளவில்லை. ஊரில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார், விவசாயத்தில் பிழைக்க முடியாமல் திணறிய ஊருக்குப் பானை ஒரு வருமானமாக மாறியது. அவருடைய பளபளப்பான ஜாடிகளைவிட எனக்கு இதுதான் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

நம்பேயோ யார்?

மரியாவுக்கு ஒரு தலைமுறை முந்தியவர், சுமார் 1859-ல் பிறந்து 1942-ல் காலமானவர். ஹோப்பி நாட்டில் முதல் மேசை என்றழைக்கப்படும் மேட்டிலிருக்கும் ஹானோ ஊர். அந்த ஊர் மக்கள் ஸ்பானியர்களிடமிருந்து தப்பி 1700 வாக்கில் கிழக்கிலிருந்து வந்து குடியேறிய டேவாக்கள், அதனால் நம்பேயோவை ஹோப்பி–டேவா என்பார்கள்.

பக்கத்தில் சிக்யாட்கி என்று ஒரு பாழடைந்த ஊர். அங்கே சிதறிக் கிடந்த பழைய ஓடுகளில் பறவை, சிறகு, சுருள் வடிவங்கள், மஞ்சள் கலந்த தளம். நம்பேயோ அவற்றை உற்றுப் பார்த்துப் பார்த்து, நகல் எடுக்காமல், அந்த வரைமுறையின் இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு தன் சொந்தக் கோலங்களை வரைந்தார். 1895-ல் ஃபியூக்ஸ் என்ற ஆய்வாளர் அங்கே தோண்டியபோது நம்பேயோவின் கணவர் லெசோ கூலிக்குப் போனார், அப்போதுதான் நம்பேயோ அந்த ஓடுகளையே முதன்முதலில் பார்த்தார் என்று ஒரு கதை ஊரெல்லாம் பரவியிருக்கிறது. அது சரியில்லை, அதற்கு முன்பே அவர் பழைய வடிவங்களில் செய்துகொண்டிருந்தார். வெள்ளைக்கார ஆய்வாளர் வந்து கண் திறந்தார் என்று கதை சொல்வது எளிது, ஓடு கிடந்தது அவர் வீட்டுப் பக்கத்தில்!

வயதான காலத்தில் பார்வை மங்கிப்போனது. அப்போதும் விரல் தடவியே பானை செய்தார், மகள்கள் வரைந்து கொடுத்தார்கள். கொள்ளுப்பேத்தி டெக்ஸ்ட்ரா குவோட்ஸ்குய்வா (1928–2019) வரையில் அந்தக் குடும்பம் பெரிய கலைஞர்களைத் தந்திருக்கிறது, இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எந்த ஊர்ப் பானை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, ஆனால் சில அடையாளங்கள் உண்டு. வெள்ளைத் தளம், அதில் மயிரிழை போன்ற நெருக்கமான கறுப்புக் கோடுகள், கையில் எடுத்தால் நம்ப முடியாத மெல்லிய சுவர் என்றால் அக்கோமா. லூசி லூயிஸ், மேரி சினோ இருவரும் மிம்ப்ரெஸ், சாக்கோ என்று அந்தப் பகுதியில் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களின் கோலங்களை அங்கே மறுபடி உயிர்ப்பித்தார்கள். கனமான, ஆழமாகச் செதுக்கிய, பளபளக்கும் கறுப்போ சிவப்போ என்றால் சாண்டா கிளாரா. கழுத்தில் கரடிப் பாதம் பதித்திருந்தால் இன்னும் உறுதி, பஞ்ச காலத்தில் கரடி ஒன்று தண்ணீர் இருக்குமிடத்தைக் காட்டியது என்பது அவர்கள் கதை. மார்கரெட் தாஃபோயா (1904–2001) செய்த பெரிய ஜாடிகளைப் பார்த்தால் இதைச் சக்கரமில்லாமல் எப்படி நிமிர்த்தினார் என்று மலைப்பாக இருக்கும். வாயிலிருந்து நெஞ்சுக்கு அம்பு போகும் மான் என்றால் ஸூனி. சுட்ட பாதாம் நிறத்தில் திட்டுத் திட்டாக மஞ்சளும் ஆரஞ்சும் கலந்திருந்தால் ஹோப்பி.

ஸியா ஊரின் சூரியனை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். நியூ மெக்சிகோ மாநிலக் கொடியில் இருப்பது அதுதான். 1925-ல் மாநிலம் ஏற்ற அந்தக் கொடியை வடிவமைத்தபோது ஒரு ஸியா பானையிலிருந்து எடுத்தார்கள், ஊரிடம் அனுமதி கேட்கவில்லை. ஸியா மக்களுக்கு அது புனிதச் சின்னம், அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

கோலங்களுக்கு என்ன அர்த்தம்?

மழை, மேகம், மின்னல், சோளம், நீர்ப்பாம்பு என்று வறண்ட நிலத்தில் வாழ்கிறவர்களின் வேண்டுதல்கள் நிறைய. ஆனால் "இந்த முக்கோணத்துக்கு இது அர்த்தம்" என்று சுற்றுலாக் கையேட்டில் வரும் பட்டியல்களை நம்ப வேண்டாம். ஒரே வடிவத்துக்கு இரண்டு குடும்பங்கள் இரண்டு பொருள் சொல்லும், சில பொருள்களை வெளியாருக்குச் சொல்வதே இல்லை. பழைய பானைகளில் விளிம்புக் கோடு ஓரிடத்தில் மூடாமல் விட்டிருக்கும், அது தவறி விட்டதல்ல, பானைக்குள் இருக்கும் உயிர் வந்துபோக வழி என்று பலர் சொல்வார்கள். செய்தவரிடமே கேளுங்கள், சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இன்றைக்குச் செய்வதெல்லாம் மரபா, நவீனமா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை, எனக்கு இந்தப் பிரிவினையிலேயே உடன்பாடு இல்லை. "பழங்காலத்து மரபு" என்று நாம் பார்க்கிற கறுப்பின்மேல் கறுப்பு 1919 வாக்கில்தான் வந்தது. கதைசொல்லி பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்திருக்கும் தாத்தா, வாய் திறந்திருக்கும், மேலெல்லாம் குழந்தைகள் தொற்றிக்கொண்டிருக்கும். அதைக் கோச்சிட்டி ஊரின் ஹெலன் கோர்டெரோ முதன்முதலாகச் செய்தது 1964-ல்தான். மணி வேலை, தோல் வேலை செய்துகொண்டிருந்தவர், வருகிற காசெல்லாம் பொருள் வாங்கவே போகிறதே என்று மண்ணுக்கு வந்தார். கதை சொல்வதில் பேர்போன தன் தாத்தாவை நினைத்து அந்தப் பொம்மையைச் செய்தார், முதல் பொம்மையில் ஐந்து குழந்தைகள். இன்று பல ஊர்களில் அது "மரபுப் பொம்மை".

அதே கோச்சிட்டியில் 1800-களின் கடைசியில் ஊருக்கு வந்த வியாபாரிகளையும் சர்க்கஸ்காரர்களையும் கிண்டல் செய்து பெரிய மண் உருவங்கள் செய்தார்கள். அந்த வழியில் வந்தவர்தான் விர்ஜில் ஓர்டிஸ். 1680-ல் புவெப்லோக்கள் ஒன்று சேர்ந்து ஸ்பானியர்களை விரட்டியடித்த கிளர்ச்சியை 2180-ம் ஆண்டில் மறுபடி நடப்பதாகக் கற்பனை செய்து உருவங்கள் படைக்கிறார், அவற்றைப் பார்த்தால் விண்வெளிப் படம் போல இருக்கும், மண்ணும் பூச்சும் ஊருடையது. டியேகோ ரொமேரோ பழைய மிம்ப்ரெஸ் கிண்ணம் போன்ற வடிவில் காமிக்ஸ் பாணியில் வரைகிறார். சாண்டா கிளாராவின் ரோக்ஸான் ஸ்வென்ட்ஸெல் மனித உணர்ச்சிகளை மண்ணில் கொண்டுவருகிறவர், அவர் மகள் ரோஸ் சிம்ப்சன் 1985-ம் ஆண்டு எல் கமினோ கார் ஒன்றைத் தானே பழுது பார்த்து, உடல் முழுக்கக் கறுப்பின்மேல் கறுப்பாகக் கோலம் போட்டு, அதற்கு "மரியா" என்று பெயர் வைத்தார். நோரா நரான்ஹோ மோர்ஸ் 2007-ல் வாஷிங்டனில் அமெரிக்கப் பூர்வகுடி அருங்காட்சியகத்தின் வெளியே மண் சிற்பங்கள் வைத்தார், மழையிலும் வெயிலிலும் கரைந்து மாறுவதற்காகவே.

இவர்களில் யாரும் மரபை உடைத்துவிட்டு வந்தவர்கள் இல்லை. மண்ணைத் தேடி எடுப்பது, தன் மக்களுக்கு நடந்ததைச் சொல்வது என்கிற வேலையைத்தான் தொடர்கிறார்கள்.

ஆண்களும் செய்வார்களா?

முன்பு பானை எழுப்புவது பெரும்பாலும் பெண்கள், வரைவதில் ஆண்களும் கைகொடுப்பார்கள். இப்போது இருபாலரும் எல்லாமும் செய்கிறார்கள்.

மின்சாரச் சூளையில் சுட்டால் ஏமாற்றா?

சொல்லாமல் விற்றால் ஏமாற்று, சொல்லிச் செய்தால் இல்லை. அக்கோமாவில் பலர் இப்போது சூளையில்தான் சுடுகிறார்கள். வெள்ளைத் தளத்தில் ஒரு புகைத் திட்டு விழுந்தாலும் வேலை வீண் என்பதால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வேறொரு வகை உண்டு, அச்சில் வார்த்த ஆலைப் பானையை வாங்கி மேலே வர்ணம் மட்டும் தீட்டுவது. அதில் கைவினை பாதிதான், விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், கையால் எழுப்பிய பானையில் லேசான மேடு பள்ளம் தட்டுப்படும், அச்சுப் பானை ஒரே வழவழப்பு.

போலி நிறைய உண்டா? எங்கே வாங்குவது?

உண்டு. 1990-ம் ஆண்டுச் சட்டப்படி பூர்வகுடி அல்லாதவர் செய்ததைப் பூர்வகுடி கைவினை என்று விற்பது குற்றம், முதல் முறையே 2,50,000 டாலர் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம். அப்படியும் விற்கிறார்கள். சாண்டா ஃபே நகரில் ஆளுநர் மாளிகைத் தாழ்வாரத்தில் பூர்வகுடிக் கலைஞர்கள் நேரடியாக விரித்து விற்பார்கள். 1922-ல் தொடங்கிய "இந்தியச் சந்தை" (நம் இந்தியா அல்ல, அமெரிக்கப் பூர்வகுடிகளின் கைவினைச் சந்தை) ஆகஸ்டில் நடக்கும். விலை அதிகம் என்று தோன்றினால், மண் எடுத்ததிலிருந்து நெருப்பில் உடைந்துபோனவை வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். பேரம் பேசுவதைத் தவிர்க்கலாம்.

பூமியில் கிடைத்த பழம் பானை என்று யாராவது நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். மிம்ப்ரெஸ் கிண்ணங்கள் பலவும் இறந்தவரின் முகத்தின்மேல் கவிழ்த்துப் புதைத்தவை, கல்லறையைத் தோண்டித்தான் அவை வெளியே வந்தன.

சமைக்கலாமா? தண்ணீர் ஊற்றலாமா?

காக்காப்பொன் மண் பானையில் தாராளமாகச் சமைக்கலாம், அதில் வேகவைத்த பீன்ஸுக்குத் தனி ருசி என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஆனால் அது சமையலுக்கென்று செய்ததுதானா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மெருகேற்றிய கறுப்புப் பானையில் மட்டும் தண்ணீர் கூடவே கூடாது. குறைந்த சூட்டில் சுட்டது, நீரை உறிஞ்சிப் பளபளப்பு உரிந்துவிடும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், மென்மையான உலர்ந்த துணி போதும். தூக்கும்போது மோதிரத்தைக் கழற்றிவிட்டு, விளிம்பைப் பிடிக்காமல், இரண்டு கையாலும் அடியைத் தாங்கித் தூக்குங்கள்.

அருங்காட்சியகங்களில் இருப்பவை திரும்ப வருகின்றனவா?

மெதுவாக. 2019-ல் வாஷிங்டனின் அமெரிக்கப் பூர்வகுடி அருங்காட்சியகத்திலிருந்து 100 டேவா பானைகள் போஹாக்கே ஊரின் போஏ பண்பாட்டு மையத்துக்கு நீண்டகாலக் கடனாக வந்தன. 2022-ல் சாண்டா ஃபேயில் தொடங்கி மறு ஆண்டு நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குப் போன ஒரு கண்காட்சியில், எந்தப் பானை இருக்க வேண்டும், அதைப் பற்றி என்ன எழுத வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் புவெப்லோ சமூகங்களைச் சேர்ந்த 60-க்கும் மேற்பட்டவர்கள். ஆய்வாளர் எழுதிய குறிப்புக்குப் பதில், "இது என் பாட்டியுடையது போல இருக்கிறது" என்ற தொனியில் சொந்தக்காரர்களே பேசினார்கள். இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஊர்களுக்கே போய்ப் பார்க்க முடியுமா?

பல ஊர்களுக்குப் போகலாம். அல்புகெர்க்கியில் 19 புவெப்லோக்களும் சேர்ந்து நடத்தும் பண்பாட்டு மையத்தில் தொடங்கினால் எந்த ஊர் எப்போது திறந்திருக்கும் என்று விசாரித்துக்கொள்ளலாம், சடங்கு நாட்களில் சில ஊர்கள் வெளியாருக்கு மூடியிருக்கும். அக்கோமாவின் குன்றின்மேல் இருக்கும் பழைய ஊருக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும். படம் எடுக்க அனுமதி கேட்க வேண்டும், சில இடங்களில் கட்டணம், சில இடங்களில் அறவே கிடையாது. வாசலில் "பானை விற்பனைக்கு" என்று பலகை தொங்கும் வீடுகளில் தட்டலாம், மற்ற வீடுகள் யாரோ குடியிருக்கும் வீடுகள். தரையில் பழைய ஓடு கிடந்தால் குனிந்து பாருங்கள், எடுக்காதீர்கள். அரசு நிலத்திலும் புவெப்லோ நிலத்திலும் அது சட்டவிரோதம், இடித்துப் புதுப் பானையில் சேர்க்க அந்த ஊரில் ஆள் இருக்கிறார்கள்.